வாட்டம்

குளியலறைத் தரை வழுக்குகிறதாம்.
டைல்ஸ் வெட்டும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு
குர்லா தாண்டி அந்த ஸ்டேஷனுக்கு
ஆட்டோவில் போனேன்.

"வா அண்ணா" என்றார் சாயெப்.
மதராசி என்று கூப்பிடாத நல்ல மனிதர்.
கட்டிங் சாய் வரவழைத்தார்.
ஏழு மாதத்தில் நான்கு பேர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.
கடைசியாக விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.
மேலே இருந்து கேள்வி வருகிறது.
வேலையை மெதுவாகச் செய்யலாம்,
கொட்டேஷன்தான் அவசரம்:
தரை ரொம்ப வழுக்கல், ஆபத்து என்று எழுதி
போன மாதத் தேதி போட வேண்டும்.

உள்ளே போனேன்.
கடப்பா கல். உளியால் கொத்திவிட்ட சொரசொரப்பு.
கால் வைத்தால் பல்லி மாதிரி ஒட்டுகிறது.
குழாயைத் திருகினேன். காற்று வந்தது,
பிறகு கொஞ்சம் துரு,
பிறகு காற்றும் இல்லை.
வாளிக்குள் சிலந்தி குடித்தனம் நடத்துகிறது.

இருபத்தாறு வருடமாகத் தரை போடுகிறேன்.
பார்க்காமல் எழுதித் தரும் பழக்கமில்லை.
டீக்கடை டிரம்மில் இரண்டு குடம் கேட்டு வாங்கி
கொண்டுவந்து ஊற்றினேன். சோப்புத்தூள் தூவினேன்.
ரப்பர் செருப்போடு நடந்தேன், ஓடினேன்,
ஒற்றைக்காலில் நின்றேன்.
விழுவதற்கு என்னென்ன வழி உண்டோ
அத்தனையும் செய்தேன்.
தரை என்னை விடவில்லை.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான்.
"உனக்கு வழுக்காது."

எழுத உட்கார வைத்த மேஜையில்
ஒரு காகிதம் திறந்து கிடந்தது.
இம்தியாஸ் இத்ரிசி, பழைய பிளாஸ்டிக்.
தவமணி, எங்கள் சந்து, செபாஸ்தியான் மகன்.
வங்காளி, பெயர் தெரியாது, வயது சுமார் முப்பது.
ஸ்ரீபத் காளே, பார்தி, பத்தொன்பது,
சிக்னலில் மோக்ரா விற்பவன்.
காயம்: இரண்டு உள்ளங்கால்களிலும்.

உள்ளங்கால் வழுக்கி
உள்ளங்காலின் மேலேயே விழ முடியுமா?

ஒரு ஜோஷி, ஒரு மேத்தா
இந்தத் தரையில் கால் வைத்ததே இல்லையா
என்று கேட்க வாய் வரவில்லை.
"எல்லாரும் விழறாங்களா சாயெப்?" என்றேன்.

"இங்கே யார் சாதி பார்க்கிறோம்,
யார் மதம் பார்க்கிறோம்?
என் டிரைவரே உங்க ஆளு.
தண்ணிக்குத் தெரியுமா
விழுறவன் யாருன்னு?"

கண்ணுக்கு எல்லாத் தரையும் மட்டம்தான்.
ஒரு சொம்பு ஊற்றிப் பார்த்தால்தான்
எந்தப் பக்கம் வாட்டம் என்று தெரியும்.
ஊற்றாதவர்கள் சத்தியம் செய்வார்கள்,
பொய்யும் இல்லை அது.

நானும் ஊற்றிப் பார்த்ததில்லை.
தவமணியைப் பிடித்த அன்று
சந்து முழுக்கத் திரண்டு போய் ரோட்டில் உட்கார்ந்தோம்.
ஸ்ரீபத்தைப் பிடித்த செய்தி வந்தபோது
நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவிக்கு
கஜ்ரா கொடுத்து, சில்லறை இல்லையென்றால்
அடுத்த வாரம் தாருங்கள் என்பவன்.
"ஒண்ணும் பண்ணாமலா பிடிச்சிருப்பான்,
அந்தக் கூட்டமே அப்படித்தானே" என்றேன்.
மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த வாரம் பூ வைக்கவுமில்லை.

எனக்குத் தெரிந்த கோணல் மராத்தியில் எழுதினேன்.
நீளம் ஆறடி. அகலம் நாலரை.
கல் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்.
இரண்டு குடம் ஊற்றியும் வழுக்கவில்லை.
குழாயில் தண்ணீர் கிடையாது.
இன்றைய தேதி.

சாயெப் இரண்டு முறை படித்தார்.
நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
சாய் டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"ஏய், முழுப் பேர் என்ன?
அப்பா பேர்?
எந்தச் சந்து சொன்னே?"

சொல்லிக்கொண்டிருக்கும்போது
கான்ஸ்டபிள் கதவை ஒருக்களித்தான்.
குனிந்து பார்த்தேன்.
என் செருப்பு
இன்னும் காயவில்லை.